இருபத்திரண்டு வரை ஓடிய ரோல்

செப்டம்பர் 3, செவ்வாய்

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில் யார் யார் என்று ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். பத்து வருடம் கழித்து நானே படித்தால் விழிக்கக் கூடாது.

நான் வான்மதி. இருபத்தேழு வயது. கோவை காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் செவ்வொளி லேபில் ஃபிலிம் கழுவுகிறேன். லேப் நவநீதண்ணாவுடையது. சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் முன்பு தொடங்கினார். நான் வந்து மூன்று வருடம். வேறு யாரும் இல்லை.

காலை கூரியரில் பதினோரு ரோல். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுடையவை. எல்லாக் கவரிலும் ஒரே குறிப்பு: ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள், நெகடிவ் வேண்டாம். வேண்டாம் என்று விட்ட நெகடிவ்கள் இரும்பு அலமாரியில் மூன்று தட்டை நிறைத்துவிட்டன. ஃபிலிமில் எடுத்தது போன்ற படம்தான் அவர்களுக்குத் தேவை, ஃபிலிம் இல்லை. இதை நவநீதண்ணாவிடம் சொன்னேன்.

"அவங்களே வேண்டாங்கறாங்க, உனக்கெதுக்கு மதி வருத்தம்? இந்தப் பசங்க இல்லீன்னா நீயும் நானும் கீழ எறங்கி ஜெராக்ஸ் போடோணும்."

மதியம் ஒரு பெண் வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். கழுத்தில் விசில். பூங்கொடி என்று பெயர், பள்ளியில் பி.டி. டீச்சர். துண்டில் சுற்றி ஒரு பழைய கேமரா கொண்டுவந்திருந்தார்.

"இதுக்குள்ள ரோல் இருக்குதுங்க. நானே தொறந்து பாக்கலாம்னு இருந்தேன். எங்க டிராயிங் சார் தொறந்தா போச்சுன்னுட்டாரு."

"நல்ல வேளைங்க. கேமரா யாரோடதுங்க?"

"எங்கப்பாவோடது. போன மாசம் வால்பாறைல தவறிட்டாரு." ஒரு பொருளின் விலையைச் சொல்வது போலச் சொன்னார். "எனக்கு ஏழு வயசா இருக்கறப்பவே எங்கம்மாவ விட்டுட்டு எஸ்டேட் வேலைக்குப் போனவரு. அங்க வேற குடும்பம்."

நான் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டு போனார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது, 2003இல், நேரு ஸ்டேடியத்தில் மாவட்ட அளவில் விளையாட்டுப் போட்டி. எண்ணூறு மீட்டரில் அவர்தான் முதல். இரண்டு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு கடிதம். நானும் வந்திருந்தேன், சுவரோரமாக நின்று நீ ஓடியதை ஃபோட்டோ எடுத்தேன், ரோல் முடிந்ததும் கழுவி அனுப்புகிறேன் என்று.

"எங்கம்மா படிச்சுப் பாத்துட்டு, லெட்டர்ல வர்றதுக்கு பஸ் டிக்கெட் தேவையில்லீல்லன்னாங்க."

"ஃபோட்டோ வரலீங்களா?"

"ரோல் முடியலையாட்ட இருக்குது."

கேமராவின் மேலே உள்ள எண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு. முப்பத்தாறு முடியாமல் ரோலைக் கழுவக் கொடுப்பது அந்தக் காலத்தில் ஊதாரித்தனம். ஒரே ரோலில் ஒரு பொங்கல், ஒரு கல்யாணம், அடுத்த பொங்கல் எல்லாம் இருக்கும். மிச்சமிருந்த பதினாலு படத்துக்காக இந்த ரோல் இருபத்தோரு வருடம் உள்ளேயே இருந்திருக்கிறது.

கேமராவை வால்பாறை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியவர் அப்பாவின் இரண்டாவது மனைவி. பூங்கொடி டீச்சர் அவரை 'அந்தம்மா' என்கிறார்.

"எஸ்டேட் வீட்ட மாசக் கடைசிக்குள்ள ஒப்படைக்கோணுமாம். என் பேரு எழுதி ஒரு பெட்டி வெச்சிருக்காராம், வந்து எடுத்துட்டுப் போங்கறாங்க. நான் போலாமா வேண்டாமான்னு இந்த ரோலப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணோணும். அன்னிக்கு வந்தாருன்னா போறேன். வரலீன்னா அந்தப் பெட்டி எனக்கெதுக்கு?"

அவர் எதிரிலேயே கேமராவின் கைப்பிடியைச் சுற்றி ஃபிலிமைப் பின்னுக்கு இழுத்தேன். நன்றாகக் கனத்துக்கொண்டு வந்தது, கடைசியில் சட்டென்று லேசானது. ரோலை எடுத்து உறையில் போட்டு அவர் பெயரை எழுதினேன்.

"கெடைக்குமுங்களா?"

"இருபது வருசத்து ரோல். கலர் வராது. கருப்பு வெள்ளைக்கான மருந்துல கழுவுனா ஏதோ ஒண்ணு நிச்சயம் தெரியுமுங்க" என்றேன்.

நிச்சயம் என்று சொல்லியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 5, வியாழன்

சளி. மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. காலையில் வேலை மேசையைத் துடைத்துப் பாட்டில்களைக் கழுவி வைத்தேன். பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதம் ஈரத்தில் எப்போதோ உரிந்து போய்விட்டது. இடது பக்கம் படத்தை எழுப்பும் டெவலப்பர், வலது பக்கம் அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் என்று இடத்தை வைத்தே எங்களுக்குத் தெரியும்.

படித்துக்கொண்டிருக்கும் நாவல் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்திருக்கிறது. ஃபிலிமும் மருந்தும் இருக்கும் டாங்கை நிமிடத்துக்குப் பத்து விநாடி ஆட்ட வேண்டும். மீதி ஐம்பது விநாடி சும்மா நிற்க வேண்டும். இந்த ஐம்பது விநாடிகளிலேயே நான் போன வருடம் முப்பத்தொரு புத்தகம் படித்தேன். நவநீதண்ணாவுக்குப் பிடிக்காது. "கைல ஒண்ணு, கண்ணுல ஒண்ணா?" என்பார். இன்று அவர் இல்லை, திருப்பூர் போயிருந்தார்.

ஆறு ரோல் கழுவினேன். ஐந்து நன்றாக வந்தன. டீச்சரின் ரோல் காலியாக வந்தது.

டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். பழையதாகியிருந்தது. டெவலப்பர் பாட்டிலுக்குப் பச்சையிலும் ஃபிக்ஸருக்குச் சிவப்பிலும் டேப் ஒட்டினேன். எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

சாயங்காலம் நல்ல மழை.

செப்டம்பர் 6, வெள்ளி

நவநீதண்ணா வந்ததும் டேப்பைப் பார்த்தார்.

"போன வாரந்தான மருந்து கலக்குன?"

"கலங்கியிருந்துச்சுங்ணா."

கொடியில் தொங்கிய ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஆரஞ்சு நிறத்தில், தலையிலிருந்து கால்வரை கண்ணாடி போல. ஓரங்களை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்பரு எங்க மதி?"

"பழைய ரோலுங்ணா."

"பழசானா நம்பரும் போயிருமா?"

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையாம். நவநீதண்ணா இறங்கிப் போனார். திரும்பி வந்து வேறு விஷயம் பேசினார். ஃபிலிமை அவரே வெட்டி உறையில் போட்டு வைத்திருந்ததை மாலையில் பார்த்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி, லேப் விடுமுறை. அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றேங்க. கழுவியாச்சுங்களா?"

"கழுவியாச்சுங்க. படம் எதுவும் வரலீங்க."

"வரலீன்னா? பழசாகிப் போச்சா, இல்ல எடுக்கவே இல்லையா?"

சோப்பு நுரை கையிலிருந்து முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று நான் நினைக்கவில்லை.

"எடுக்காத ரோல் மாதிரிதாங்க இருக்குது."

"அப்பச் சரிங்க" என்றார். கோபம் இல்லை. அப்பச் சரிங்க. அவ்வளவுதான்.

துணிகளை இரண்டு முறை அலசினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

படிக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையிலிருந்து நவநீதண்ணாவைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதி. டிஜிட்டல் காலத்தில் ஃபிலிமின் எதிர்காலம். அவர் என்னைப் போகச் சொல்கிறார்.

"எனக்குப் பேச்சு வராது. நீதான் நெறையப் படிக்கற."

"படிக்கறவங்களுக்குப் பேச வராதுங்ணா."

"எழுதிட்டுப் போய்ப் படி. பொண்ணு பேசுனா பசங்க போனை நோண்டாம உக்காந்திருப்பானுக."

மறுத்திருப்பேன். அறுபது பேருக்கு முன்னால் நிற்பதற்குப் பதில் அறுபது ரோல் கழுவிவிடுவேன். ஆனால் இந்த வாரம் அவர் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

உரைக்கு எழுதியவை:

ஃபோனில் ஒரு படத்தை எடுத்த கணமே பார்க்கிறோம். பிடிக்காவிட்டால் அழிக்கிறோம். எஞ்சுவதெல்லாம் நமக்குப் பிடித்த நாமே. ஃபிலிம் அந்த உரிமையை நமக்குத் தருவதில்லை. எடுத்தவர் ஒருவர், கழுவுபவர் ஒருவர், நடுவில் நாட்கள். அந்த இடைவெளியில் யாரும் கைவைக்க முடியாது என்பதால்தான் ஃபிலிமை நம்புகிறோம். ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் எதுவாகவும் மாற்றலாம் என்றாகிவிட்ட காலத்தில் நெகடிவ் என்பது சாட்சி. அதன் எதிர்காலம் அழகில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது.

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. 'யாரும் கைவைக்க முடியாது' என்ற வரியை அடித்துவிட்டேன். பிறகு அது இல்லாமல் அடுத்த வரி நிற்கவில்லை என்று மறுபடி சேர்த்தேன்.

செப்டம்பர் 14, சனி

கேமராவை வாங்கிப்போக டீச்சர் வந்தார். நான் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தேன். எங்கள் லேபில் யாருக்கும் எதுவும் கொடுக்கும் வழக்கமில்லை.

"இந்த கேமராவ நீங்களே வெச்சுக்கறீங்களா? யாராச்சும் காலேஜ் பிள்ளைகளுக்குக் குடுங்க."

"உங்கப்பாவோடதுங்க."

"அதனாலதாங்க சொல்றேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தன வருசத்துல எனக்கு அவரு மேல ஒரே ஒரு சந்தேகம் இருந்துச்சு. நல்ல சந்தேகம். ஒருவேள வந்திருப்பாரோன்னு. கல்யாணத்துக்கு வரல, என் பையன் பொறந்தப்ப வரல. சரி, அந்த ஒரு நாளாவது வந்து செவுத்தோரம் நின்னாருன்னு வெச்சுட்டு இருந்தேன். அதையும் பொய்யா எழுதியிருக்காரு பாருங்க. ஒரு படம் எடுக்கல. எடுத்தேன்னு எழுதறாரு."

நவநீதண்ணா கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

"அந்தப் பெட்டிங்க?" என்றேன்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். வீடு காலி பண்றப்ப அதையும் சேத்து எரிச்சுருங்கன்னு."

ஃபிலிம் வேண்டுமா என்று கேட்டேன். காலி ஃபிலிமை வைத்து நான் என்ன பண்ண என்றார். கேமராவை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "ஜூஸ் நல்லா இருந்துச்சுங்க கண்ணு" என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அந்த எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய இன்னும் பதினைந்து நாள்.

செப்டம்பர் 18, புதன்

மூன்று நாட்களாக இந்த நோட்டைத் திறந்து மூடுகிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட எழுத முடியாத ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஐந்தாம் தேதி மேசையைத் துடைத்தபின் பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன். இடது பக்கப் பாட்டிலை எடுத்து டாங்கில் ஊற்றினேன். அது ஃபிக்ஸர். புளிச்ச வாடை அடித்திருக்கும், மூக்கு அடைத்திருந்தது. ஆனால் மூக்கு காரணம் இல்லை. பாட்டிலைத் தூக்கியபோது என் கண் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. டெவலப்பர் படாத ஃபிலிமில் ஃபிக்ஸர் பட்டால் அதில் இருப்பதெல்லாம் கரைந்து போகும். நான் ஆட்டினேன், படித்தேன், ஆட்டினேன், படித்தேன். எட்டு நிமிடம்.

அந்த டாங்கில் அந்த ஒரு ரோல்தான் இருந்தது. மற்ற ஐந்தும் கலர், அவற்றுக்கு வேறு மருந்து. பழைய ரோல் என்று தனியாகக் கழுவ எடுத்து வைத்திருந்தேன். அவ்வளவு அக்கறை.

ஃபிலிம் தயாரிக்கும்போதே அதன் ஓரத்தில் 1, 2, 3 என்று எண்களைக் கண்ணுக்குத் தெரியாமல் பதித்துவிடுகிறார்கள். டெவலப்பரில் போட்டால் அவை கருப்பாக எழுந்து வரும். படமே எடுக்காத ரோலிலும் எண் வரும். எண்ணே வராத ரோல் கழுவியவரின் தவறு. இது எனக்குத் தெரியும். நவநீதண்ணாவுக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

இன்னொன்று. கேமராவில் ஃபிலிம் சரியாக மாட்டியிருக்காவிட்டால் பின்னுக்குச் சுற்றும்போது கை வெறுமனே சுற்றும். அன்று கனத்துக்கொண்டு வந்தது. ஃபிலிம் இருபத்திரண்டு வரை ஓடியிருக்கிறது. அந்த மனிதர் இருபத்திரண்டு முறை எதையோ பார்த்து நின்று பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

எடுக்காத ரோல் மாதிரி இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பேசிவிட்டேன். தாளை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. சாட்சி, நம்பிக்கை எல்லாவற்றையும் படித்தேன். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்த மாணவன், "அக்கா, ஏஐல ஃபிலிம் மாதிரி பொடிப்புள்ளி கிரெயின் போட்டாலே இப்படித்தான வருது, அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார், மற்றதற்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

அடுத்து கடைசி வரிசையில் ஒரு பெண். மெதுவாகப் பேசினாள், மைக்கை நீட்ட வேண்டியிருந்தது.

"மேம், ஃபோன்ல தப்பாயிட்டா தெரிஞ்சுரும். ஃபிலிம்ல தப்பாச்சுன்னா அது நம்ம தப்பா, லேப் தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நிறையச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பையில் இருந்த மாதிரி நெகடிவை எடுத்து, ஓரத்து எண்களைக் காட்டி விளக்கினேன். எண் இருந்து படம் இல்லையென்றால் எடுத்தவரின் தவறு. எண்ணே இல்லையென்றால் எங்கள் தவறு. அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் பேருந்தில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் மடியில் இருந்தன. பெயர் தெரியாத அறுபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

செப்டம்பர் 21, சனி

காலையில் லேபைத் திறந்ததுமே சொன்னேன்.

"அண்ணா, டீச்சரோட ரோல நாந்தான் கெடுத்தேன்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"கொடில பாத்ததுலருந்து." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயே சொல்லுவீன்னு இருந்தேன். அப்புறம் நீ சொல்லாம இருந்தாலும் பரவால்லன்னு தோணுச்சு. அதான் நானும் வாயத் தொறக்கல."

"நாளைக்குப் போய் அவங்ககிட்ட சொல்லப் போறேன்."

"மதி, ஒண்ணு யோசி. இந்தப் பசங்க நம்மள நம்பித்தான் ரோல் அனுப்பறானுக. ஒருத்தன் ஒரு ரீல்ஸ் போட்டான்னா போதும். ஊருக்கு ஒரு லேப்தான் மிஞ்சியிருக்குது, அதையும் இழுத்துப் பூட்டீட்டா அப்புறம் எங்க எதிர்காலம்?"

"நேத்து பேசுனது நம்பிக்கையப் பத்திங்ணா. நீங்கதான அனுப்புனீங்க."

சிரித்துவிட்டார். சிரித்தபடியே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவர் கெட்டவர் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன், "அவங்களோட ஸ்கூல் ஃபோட்டோ ஒண்ணு வாங்கிக் குடு. ஸ்டேடியத்துல ஓடற மாதிரி ஏஐல ஒண்ணு செஞ்சு, கிரெயின் போட்டு, பழைய ரோல்ல ஒரே ஒரு படம் மட்டும் தேறுச்சுன்னு குடுத்துரலாம். அவங்களுக்கு ஒரு ஆறுதல்" என்றார்.

செய்துவிட முடியும். பத்து நிமிட வேலை. ஓடும் பதினைந்து வயதுப் பெண், தூரத்தில் வெள்ளைக் கோடுகள், அப்பா நின்ற கோணம். அதை அவர் சட்டம் போட்டு மாட்டுவார். பையனுக்குக் காட்டுவார். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், நான் அதை யோசித்தேன்.

"வேண்டாங்ணா."

"சரி. லேப்ல நடந்த தப்புன்னு சொல்லு. நீன்னு சொல்ல வேண்டியதில்ல."

"புத்தகம் படிச்சது லேப் இல்லீங்ணா."

செப்டம்பர் 22, ஞாயிறு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டீச்சர் பள்ளி மைதானத்தில் தொடர் ஓட்டத்துக்குப் பெண்களைப் பழக்குகிறார் என்று பள்ளி வாட்ச்மேன் சொன்னார். வேப்பமரத்தடியில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார்.

"அட, வாங்க கண்ணு. கேமரா ஏதாச்சும் ரிப்பேரா?" என்றார். பிறகு மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏய், பேட்டன வாங்கறப்பத் திரும்பிப் பாக்காதீங்கடி. கைய மட்டும் நீட்டுங்க."

"டீச்சர், அது காலி ரோல் இல்லீங்க. நான் கழுவறப்ப அழிச்சுட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தேன். ஒன்று அவருடைய ரோல். இன்னொன்று, படமே எடுக்காத புது ரோலை நேற்று நான் சரியாகக் கழுவியது. இரண்டையும் வானத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். எண்கள், எண்கள் இல்லாமை. மருந்தை மாற்றி ஊற்றியது. கையில் புத்தகம் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் கல்லூரியில் பேசியதைவிட நன்றாக இருந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு துண்டுகளையும் வாங்கி அவரே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அவரு எடுத்திருக்காரு."

"இருபத்திரண்டு தடவ அமுக்கியிருக்காருங்க. நான் சுத்தறப்ப ஃபிலிம் இழுத்துச்சு, அதனால அது தெரியும். எதை எடுத்தாருன்னு தெரியாதுங்க. இனி யாராலயும் சொல்ல முடியாது."

"நான் ஓடுனதா இருக்கலாம்."

"இருக்கலாமுங்க."

"அவரோட மாட்டுக் கன்னுக்குட்டியாவும் இருக்கலாம்."

"ஆமாங்க."

பெண்கள் ஒரு சுற்று முடித்து வந்து மூச்சு வாங்க நின்றார்கள். "இன்னும் ரெண்டு" என்றார். முனகிக்கொண்டே போனார்கள். அவர் குரல் மாறவே இல்லை.

"எத்தன நாளாச்சு?"

"பதினேழு நாளுங்க."

"காலின்னு நீங்க சொன்ன நாள்லருந்து எங்கப்பனத் திட்டியிருக்கறேன். ஒரு வார்த்த மிச்சம் வெக்கல. என் பையன் முன்னாடி, எங்கம்மா முன்னாடி. செத்தவரு. திட்டுனத யாருகிட்டப் போய்த் திருப்பி வாங்கறது?"

ஃபிலிம் துண்டுகளை என் கையில் திணித்தார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல? தப்பு யாருக்கும் வரும். இந்தப் பிள்ளைகளே டெய்லி பேட்டனக் கீழ போடுதுக. ஏன் சொல்லல?"

லேப், நவநீதண்ணா, ஃபிலிமின் எதிர்காலம் என்று வழியெல்லாம் காரணங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"என்னைய நல்லவளுன்னு நீங்க நெனச்சுட்டு இருந்தீங்க. அது போயிருமேன்னுங்க."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அட்டையில் மாட்டியிருந்த நேரக் குறிப்புத் தாளை உருவித் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

"எழுதிக் குடுங்க. இப்ப சொன்னத அப்படியே. பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு."

மரத்தடி சிமெண்டுத் திட்டில் வைத்து எழுதினேன். ஆறு வரி. இந்த நோட்டுகளில் ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த ஆறு வரிக்குக் கை வரவில்லை. அவர் வாங்கிப் படித்தார். ஃபோனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தார். ஒரே விநாடி. தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு அனுப்பறேன். காலி ரோலுன்னு சொன்னதுலருந்து ரெண்டு வாரமா சந்தோசமா இருந்தாங்க."

பிறகு வேறு எண்ணுக்குக் கூப்பிட்டார். வால்பாறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"வீடு காலி பண்ணீட்டாங்களோ என்னமோ" என்றார், என்னிடம் இல்லை. மூன்றாவது முறை கூப்பிட்டுக்கொண்டே, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், "நீங்க கெளம்புங்க" என்றார்.

கண்ணு என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

எட்டு ரோல். எல்லாம் நன்றாக வந்தன. புத்தகம் அறையிலேயே இருக்கிறது.

நவநீதண்ணா லேபின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார். இந்த மாதம் எங்கள் தவறால் ஒரு பழைய ரோல் அழிந்தது, இனி பழைய ரோல்களை இருவர் சேர்ந்துதான் கழுவுவோம் என்று. என்னிடம் கேட்கவில்லை. சாயங்காலம்வரை மூன்று பேர் ரோலைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அவர் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நான் முகவரி எழுதினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வால்பாறையில் கனமழை, மலைப்பாதையில் மண்சரிவு என்று கீழே ஜெராக்ஸ் கடை டிவியில் ஓடியது. படியிலேயே நின்று முழுச் செய்தியும் பார்த்தேன்.

செப்டம்பர் 28, சனி

காலை பத்தரைக்கு, பச்சை டேப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. பாட்டிலைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன். டீச்சர்.

'பெட்டி இருந்துச்சு. எரிக்கச் சொன்னத அந்தம்மா காதுலயே போட்டுக்கல. நேத்து போய் எடுத்துட்டு வந்துட்டேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். பதில் போட வேண்டாம்.'

நவநீதண்ணா என்ன என்று கேட்டார். ஃபோனை நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பதில் போடவில்லை.